கொசத்தலை ஆற்றங்கரையின் பழைய விலங்குகள்: புதைபடிவங்கள் வடசென்னைக்குச் சொல்லும் பாடம்

ராயபுரம், திருவொற்றியூரிலிருந்து வேலைக்காக அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி என்று தினமும் போய்வரும் நம்மில் பலர் எண்ணூர் கழிமுகத்தைக் கடந்துதான் போகிறோம். ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் கடல், நடுவே கழி. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை.

அது கொசத்தலை ஆறு. பூண்டி ஏரிக்கு வந்து, தாமரைப்பாக்கம், வல்லூர் தடுப்பணைகளைத் தாண்டி, எண்ணூரில் கடலில் சேர்கிறது. இதே ஆற்றுப்படுகையில், பூண்டிக்கு அருகே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டிய ஆய்வாளர்கள் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கல்லாயுதங்களை எடுத்தார்கள். கூடவே அந்தக் கால விலங்குகளின் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்தன.

புதைபடிவத் தேடல் என்றாலே மங்கோலியப் பாலைவனமும் ஆப்பிரிக்கப் பள்ளத்தாக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் ஆற்றின் கரையிலும், நம் பழைய மதராஸ் மாகாணத்தின் குகைகளிலும் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன, அதில் இன்றைய எண்ணூருக்கு என்ன செய்தி இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு கல்லிலிருந்து தொடங்கிய தேடல்

1858இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து மதராஸில் பணியைத் தொடங்கினார். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிடும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி, அலையில் நனைந்து கரை சேர வேண்டும். நம் ராயபுரம் ரயில் நிலையம் திறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது இயற்கையாக உடைந்த கல் அல்ல. மனிதக் கை செதுக்கிய கைக்கோடாரி. இந்தியாவில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்தார் என்பதற்கு அதுவே முதல் சான்றானது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று தம் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் ஓடைக்குப் போனார். அங்கே அத்தகைய கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன.

அந்தக் கருவிகள் எவ்வளவு பழையவை என்று சொல்ல அன்று வழி இல்லை. அந்தக் கேள்விக்கு விடை வர சுமார் 150 ஆண்டுகள் ஆயின.

பல நாடுகள் சேர்ந்து கண்ட வயது

1999இல் சென்னையின் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்பு தலைமையில் அத்திரம்பாக்கத்தில் புதிய அகழாய்வு தொடங்கியது. குமார் அகிலேஷ் உள்ளிட்டோர் அதில் பல ஆண்டுகள் உழைத்தார்கள். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் கைகோத்தார்கள்.

வயதைக் கண்ட முறை சுவையானது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரைமேல் கிடக்கும் படிகக் கல்லைத் தாக்கும்போது, அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு கதிரியக்க அணுக்கள் மிகச் சிறிய அளவில் உருவாகின்றன. கல் ஆழத்தில் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டா. புதிதாக அணுக்கள் உருவாவது நின்று, இருப்பவை அழியத் தொடங்கும். அலுமினியம்-26 சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியம்-10 பாதியாகச் சுமார் 14 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் குறைவதால், இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று கணக்கிடலாம்.

இப்படிக் கிடைத்த விடை 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அத்திரம்பாக்கத்தின் பழைய கருவிகள் குறைந்தது 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சராசரிக் கணக்கு 15 லட்சம் ஆண்டுகளைத் தொட்டது. 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த இன்னோர் ஆய்வு, அங்கே சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறிவிட்டதைக் காட்டியது.

நமக்கு இங்கே முக்கியம் விலங்குகள். மாடு அல்லது எருமை இனத்தின் பல், குதிரை இனத்தின் பல், நீலகாய் போன்ற குளம்பு விலங்கின் பல் எனச் சில பற்களே கிடைத்தன. எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் அவை அந்த நிலத்தின் சாயலைக் காட்டுகின்றன. எருமைக்குத் தண்ணீரும் சேறும் வேண்டும். குதிரைக்குத் திறந்த புல்வெளி வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், அடர்ந்த காடு குறைவாகவும், ஆற்றோரப் புல்வெளியும் ஈரநிலமும் கலந்தும் இருந்த நிலம் அது என்று கொள்ளலாம். இன்று லாரிகள் போகும் திருவள்ளூர்ச் சாலையோரம் அப்படி இருந்திருக்கிறது.

எலும்பு ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

ஒரு விலங்கு செத்தால் நரியும் கழுகும் தின்கின்றன. மிச்சத்தை வெயிலும் மழையும் அழிக்கின்றன. எலும்பு நிலைக்க வேண்டுமானால் அது விரைவாக வண்டலில் புதைய வேண்டும். பிறகு நிலத்தடி நீரிலுள்ள தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் படிந்து, காலப்போக்கில் அதைக் கல் போல ஆக்க வேண்டும். அதுதான் புதைபடிவம்.

தமிழகத்தின் பெரும் பகுதியில் காணும் செம்மண், செம்பாறை நிலங்கள் இதற்கு ஏற்றவை அல்ல. அமிலத்தன்மை கொண்ட மண்ணில் எலும்பு கரைந்துவிடும். பல்லின் எனாமல் எலும்பை விடக் கடினமானது என்பதால் பல இடங்களில் பல் மட்டுமே மிஞ்சுகிறது. சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் நிலைமை வேறு. அங்கே மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருப்பதால் எலும்பு காக்கப்படுகிறது. ஆகவே விலங்குகளின் முழுக் கதையைத் தேடியவர்கள் குகைகளுக்குப் போனார்கள்.

பில்லசுர்கம் குகைகள்

அன்றைய மதராஸ் மாகாணத்தில் இருந்த கர்நூல் வட்டாரத்தில், பேதம்சர்லாவுக்கு அருகே பில்லசுர்கம் என்ற சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் புகழ்பெற்ற உயிரியலாளர் ஹக்ஸ்லி, மதராஸ் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃபிடம் இந்தக் குகைகளை ஆராயச் சொல்லி வலியுறுத்தினார். 1880களின் நடுவில் ஃபூட்டும் அவருடைய மகன் ஹென்றியும் அங்கே தோண்டினார்கள். கிடைத்த எலும்புகளை ரிச்சர்ட் லிடெக்கர் 1886இல் வகைப்படுத்தி எழுதினார்.

அதன்பின் நீண்ட காலம் கழித்து ஒரு பன்னாட்டுக் குழு அதே குகைகளுக்குத் திரும்பியது. கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிசெட்டர், ஆக்ஸ்ஃபோர்டின் மைக்கேல் பெட்ராக்லியா, பேட்ரிக் ராபர்ட்ஸ் ஆகியோருடன் அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளின் ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். ஃபூட் காலத்தில் எலும்பை எடுத்தால் போதும் என்றிருந்தது. இவர்கள் எந்த எலும்பு எந்த அடுக்கில் கிடந்தது என்று அங்குலம் அங்குலமாகக் குறித்தார்கள். அடுக்குகளின் வயதைத் தனியாகக் கணக்கிட்டார்கள்.

இத்தகைய ஆய்வில் தோண்டிய மண்ணைக் குப்பை என்று கொட்டுவதில்லை. சல்லடையில் சலித்து, எலி, மூஞ்சூறு, வௌவால் போன்ற சிற்றுயிர்களின் பல்லையும் பொறுக்குகிறார்கள். பெரிய விலங்கு வெகுதூரம் நடந்து வந்திருக்கலாம். எலி அப்படி வராது. புல்வெளி எலி கிடைத்தால் பக்கத்தில் புல்வெளி இருந்தது, காட்டு எலி கிடைத்தால் காடு இருந்தது என்று பொருள்.

21இல் 20

பில்லசுர்கம் ஆய்வின் முடிவு 2014இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. குகையில் அடையாளம் காணப்பட்ட பாலூட்டி வகைகள் 21. அவற்றில் 20 வகைகள் குறைந்தது ஒரு லட்சம் ஆண்டுகளாகவும், பெரும்பாலானவை 2 லட்சம் ஆண்டுகள் வரையிலும், இன்றுவரை தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன. தொடர்ச்சி அறுந்தது ஒன்றே ஒன்றுதான்.

இது ஏன் வியப்பு என்றால், அதே காலத்தில் உலகின் மற்ற பகுதிகளில் நடந்தது வேறு. அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும் நில விலங்குகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. இங்கேயோ கடும் வறட்சியும், பருவமழை தளர்ந்த காலங்களும், பனியுகத்தின் ஏற்ற இறக்கங்களும் வந்து போயின. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் இந்தியா வரை வந்து விழுந்தது. பில்லசுர்கம் இருக்கும் அதே கர்நூல் வட்டாரத்தில், ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கை இன்றும் காணலாம். அதற்குக் கீழும் மேலும் மனிதர் செய்த கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான விலங்குகள் பிழைத்திருக்கின்றன.

எல்லாமே பிழைத்தன என்று சொல்ல முடியாது. ஆய்வாளர் அத்வைத் ஜுகர் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து நான்கு பெருவிலங்குகள் மறைந்ததைக் காட்டுகிறது. உலகில் வாழ்ந்த மிகப் பெரிய யானைகளில் ஒன்றான நர்மதை யானை, ஸ்டெகோடான் என்ற இன்னொரு யானையினம், இந்திய நீர்யானை, காட்டு மாட்டினம் ஒன்று ஆகியவையே அந்த நான்கு. நீர்யானை இந்தியாவில் இருந்ததா என்று கேட்பவர் உண்டு. இருந்தது. தீக்கோழியும் இருந்தது; அதன் முட்டை ஓடுகள் இந்தியாவின் பல இடங்களில் கிடைத்துள்ளன.

பிழைத்தவை எப்படிப் பிழைத்தன?

பில்லசுர்கம் ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம் ஒன்று உண்டு. இந்தியா ஒரே மாதிரியான நிலம் அல்ல. காடு, புல்வெளி, ஆற்றங்கரை, சதுப்பு, குன்று எல்லாம் அடுத்தடுத்து ஒட்டுத்துணி போல அமைந்திருந்தன. அதைவிட முக்கியம், அவை ஒன்றோடொன்று இணைந்திருந்தன. மழை பொய்த்தால் விலங்கு ஆற்றங்கரைக்கு நகர்ந்தது. வெள்ளம் வந்தால் மேட்டுக்குப் போனது. காலம் சீரானதும் திரும்பியது.

மறைந்தவற்றைப் பார்த்தாலும் இதே பாடம்தான். ஓர் எல்லைக்குள் மட்டும் வாழ்ந்த பெரிய விலங்குகளில் சிலவே அழிந்தன என்று அதே ஆய்வு சொல்கிறது. நீர்யானையை எண்ணிப் பாருங்கள். ஆறும் மடுவும் வற்றினால் அதற்குப் போக்கிடம் இல்லை.

ஆக, புதைபடிவங்கள் நமக்குச் சொல்வது இதுதான்: மாற்றம் வந்ததாலேயே எல்லா உயிரும் அழிந்துவிடவில்லை, ஒதுங்க இடமும், அங்கே போக வழியும் இருந்தவை நிலைத்தன. இவை இல்லாதவை அழிந்தன.

எண்ணூரும் மாறிக்கொண்டே வந்த இடம்தான்

இப்போது ஆற்றின் முகத்துக்குத் திரும்புவோம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைய கடற்கரை எண்ணூருக்குப் பல கிலோமீட்டர் கிழக்கே இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி வந்து, சுமார் 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. அதன்பின் அலையும் ஆறும் கொண்டுவந்த மணல் திட்டுகளாகப் படிந்தது. அவற்றின் பின்னால் பழவேற்காடு ஏரியும் உப்பங்கழிகளும் உருவாயின.

இந்த மாற்றங்களில் உயிர்கள் இடம் மாறின, மறையவில்லை. அலையாத்தி, சேற்றுவெளி, உப்பளம், கழி, ஏரி என்று இங்கேயும் ஓர் ஒட்டுத்துணி நிலம் உருவானது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு கழிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகிறது. பழவேற்காட்டுக்கு வரும் பூநாரையும் கூழைக்கடாவும் நீர்மட்டத்தைப் பார்த்து இடம் மாற்றி மேய்கின்றன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களின் பிழைப்பு இந்த நடமாட்டத்தில்தான் இருக்கிறது.

கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் நடந்தது வேறு வகை மாற்றம். அனல்மின் நிலையங்கள் வந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. சேற்றுவெளிகள் மேடாக்கப்பட்டன. நிலக்கரிச் சாம்பலைச் செப்பாக்கம் பக்கம் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து ஆற்றிலும் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள் பரவியது. படகிலும் வலையிலும் பறவைகளின் இறகிலும் கறுப்பாக ஒட்டியதை நாம் நேரில் பார்த்தோம்.

டோபாவின் சாம்பல் ஒருமுறை விழுந்தது; மழையும் ஆறும் அதைக் கழுவிப் போக நிலத்துக்கு நேரம் இருந்தது. எண்ணூரில் சாம்பல் பல ஆண்டுகளாக விழுந்துகொண்டே இருக்கிறது. அன்று விலங்குகள் ஒதுங்க இன்னோர் ஆற்றங்கரை இருந்தது. இன்று கழியின் இறாலுக்கும் நண்டுக்கும் ஒருபுறம் சாம்பல் மேடு, மறுபுறம் மதில் சுவர்.

நமக்கு இதில் என்ன?

துறைமுகமும் ஆலையும் வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கமல்ல. நம் வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் கழி அடைபட்டால் பாதிப்பது மீனும் பறவையும் மட்டுமல்ல. 2015இலும் 2021இலும் கொசத்தலை ஆறு பெருகியபோது மணலி புதுநகர் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை மறக்க முடியாது. வெள்ளம் வடிய வேண்டிய கழிமுகம் குறுகக் குறுக, அந்தத் தண்ணீர் நம் தெருவில்தான் நிற்கும். ஒதுங்கும் இடமும் போகும் வழியும் விலங்குக்கு வேண்டியது போலவே ஆற்றுக்கும் வேண்டும்.

ஆகவே எண்ணூர் கழியைப் பற்றிப் பேசும்போது, எத்தனை ஏக்கர் மிச்சம் என்று மட்டும் கேட்டால் போதாது. மிச்சமுள்ள சதுப்பும் கழியும் பழவேற்காடு ஏரியும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். ஒரு சாலைக்கு அடியில் தண்ணீர் போக வழி விடுவதும், ஒரு குழாய்க் கசிவை உடனே அடைப்பதும் சிறிய வேலைகளாகத் தோன்றலாம். 2 லட்சம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், உயிர்களைக் காத்தது அத்தகைய இணைப்புகள்தான் என்று தெரிகிறது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் நம் பகுதியினர் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே.

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வெகுதூரம் போக வேண்டாம். ஃபூட் சேகரித்த தொல்பொருட்களை 1904இல் மதராஸ் அரசு வாங்கியது; அவை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் இருக்கிறது. பெருநாள் விடுமுறையில் கடற்கரைக்கும் பொருட்காட்சிக்கும் போகும் நாம், ஒருநாள் குழந்தைகளோடு பூண்டிக்கும் போய்வரலாம். ஆனால் அத்திரம்பாக்கம் போன்ற இடங்களில் கல்லையோ எலும்பையோ நினைவுக்கென்று எடுத்து வரக் கூடாது. எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவலோடு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. எடுத்து வந்து வீட்டு அலமாரியில் வைத்தால் அது வெறும் கல். நம் பகுதியில் அடித்தளம் தோண்டும்போதோ, கழியைத் தூர்வாரும்போதோ விசித்திரமான எலும்போ பல்லோ கிடைத்தால், அதை அப்படியே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்கோ வருவாய்த் துறை அலுவலருக்கோ தெரிவிப்பதே சரி.

அடுத்த முறை எண்ணூர் பாலத்தைக் கடக்கும்போது மேற்கே ஒரு நிமிடம் பாருங்கள். அந்தத் தண்ணீர் வரும் வழியில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் கல் செதுக்கினர். அந்த ஆற்றங்கரையில்தான் எருமையும் குதிரையும் மேய்ந்தன. எவ்வளவோ மாறியும் அந்த ஆறு இன்னும் கடலை வந்து சேர்கிறது. அது வந்து சேரும் கடைசிச் சில கிலோமீட்டரை அடைக்காமல் வைத்திருக்கும் பொறுப்பு, இங்கே வாழும் நம்முடையது.